யானை யாருடையது?

(மலையடிவாரத்து உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை, ஏட்டில் படிப்போருக்கென எழுத்து வடிவில்)



எளிய கேள்வி ஒன்றோடு தொடங்குகிறேன். யானை யாருடையது?

காட்டினுடையது என்பான் கவிஞன். கடவுளுடையது என்பான் பக்தன். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டதுண்டா? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். காட்டில் இறந்து கிடக்கும் விலங்கு அரசின் சொத்து. அதன் தந்தம், தோல், நகம் அனைத்தும் அரசின் சொத்து. உங்கள் வயலிலே ஒரு தந்தம் கிடந்து, அதை நீங்கள் எடுத்து வைத்தால், 48 மணி நேரத்துக்குள் அதிகாரியிடம் அறிவித்தாக வேண்டும். தவறினால் குற்றவாளிக் கூண்டு காத்திருக்கும்.

நல்ல சட்டம்தான். வேட்டையாடிகளின் கையைக் கட்ட வந்த சட்டம். அதை நான் குறை கூறவில்லை, வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தின் நிழலிலே நின்று ஓர் ஐயத்தை எழுப்புகிறேன். செத்துக் கிடக்கும் யானைக்கு உடைமையாளர் உண்டு. உயிரோடு நடந்து வந்து, ஓராண்டு உழைப்பை ஓரிரவில் மிதித்துவிட்டுப் போகும் யானைக்கு உடைமையாளர் யார்? தந்தத்தை உழவன் ஒப்படைக்க 48 மணி நேரம் கெடு. அவனுடைய வாழைக்கும் கரும்புக்கும் உரிய இழப்பீட்டை அவனிடம் ஒப்படைக்க அரசுக்கு எத்தனை மணி நேரம் கெடு?

இதுதான் இன்றைய பேச்சின் பொருள். காட்டையும் காட்டு விலங்கையும் ஊரின் சுற்றுச்சூழலையும் பேணும் பொறுப்பு யாருடையது என்பதே வழக்கு. நீங்களே நீதிபதி.

நாடகம் எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆகவே ஒரு சிறு காட்சியை முதலிலே வைக்கிறேன். கற்பனைக் காட்சிதான், ஆனால் மலையடிவாரத்திலே வாழ்கிறவர் எவரும் இதைக் கற்பனை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

"ஐயா, நேற்றிரவு யானை புகுந்துவிட்டது. இருநூறு வாழை போயிற்று."

"வனத்துறையிடம் போய்ச் சொல்லப்பா."

"சொன்னேன் ஐயா. பட்டா நிலந்தானா என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வரச் சொன்னார்கள்."

"வாங்கி விட்டாயா?"

"வாங்கினேன். வாழைக்கு விலை மதிப்பிடத் தோட்டக்கலைத் துறை வரவேண்டுமாம்."

"வரட்டும். உனக்கென்ன அவசரம்?"

"ஊருக்கு வெளியே குப்பை மேடு இருக்கிறது ஐயா. அந்த வாடைக்குத்தான் யானை இறங்குகிறது."

"குப்பை ஊராட்சியின் வேலை."

"நடுவிலே தண்டவாளம் இருப்பதால் அது திரும்பிப் போகவும் வழி தெரியாமல் நிற்கிறது."

"தண்டவாளம் ரயில்வேயின் வேலை. டில்லிக்கு எழுது."

"நானே பட்டாசு வைத்து விரட்டட்டுமா?"

"ஏதேனும் ஆயிற்றென்றால் உன்மேல் வழக்கு வரும். அது மட்டும் எங்கள் வேலை!"

திரை விழுகிறது. சிரிப்பு வருகிறதா தோழரே? சிரித்து முடித்த பிறகு எண்ணிப் பாருங்கள். அந்தக் காட்சியிலே தீயவன் எவனும் இல்லை. ஒவ்வோர் அதிகாரியும் தன் ஏட்டில் உள்ளதைத்தான் சொன்னார். ஆயினும் உழவன் தெருவிலே நின்றான். பொறுப்பு பல துண்டாக வெட்டப்பட்டுப் பல மேசைகளில் வைக்கப்பட்டால், முழுப் பொறுப்பு எந்த மேசையிலும் இராது. நோய் அங்கேதான் இருக்கிறது.

இந்த நோய் நேற்றுப் பிறந்ததன்று. வெள்ளையர் ஆட்சியிலே, சென்னை மாகாணத்தில், யானையைக் கொன்றவனுக்குப் பரிசுப் பணம் கொடுத்த காலம் ஒன்று உண்டு. மலைச்சரிவுகளிலே தோட்டங்கள் எழ வேண்டும், யானை இடையூறு என்றெண்ணிய காலம் அது. பிறகு அதே ஆட்சி, 1873ஆம் ஆண்டிலே காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிற்று. இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. மரம் இழுக்க, சுமை சுமக்க யானை தேவைப்பட்டது. 1882ஆம் ஆண்டிலே சென்னை வனச் சட்டம் வந்தது. காடு அரசின் காப்புக்காடாயிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பழங்குடி, தன் வீட்டிலேயே அனுமதிச் சீட்டுக் கேட்கும் விருந்தாளி ஆனான்.

காட்டை எடுத்துக்கொண்ட அரசு காட்டைக் காடாக வைத்திருந்ததா? சோலையும் புல்வெளியும் இருந்த இடத்திலே தைலமரமும் சீகை மரமும் நட்டது. பலவகை மரங்கள் வளர்ந்த இடத்திலே தேக்கை மட்டும் அணிவகுத்து நிறுத்தியது. அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி தோட்டத்து வேலியைத் தாண்டிற்று. இன்று முதுமலையின் அடிக்காட்டிலே புல் முளைக்க வேண்டிய நிலத்தை அது புதராக மூடிக் கிடக்கிறது. நிழல் மரமாக வந்த மஞ்சள் கொன்றை இன்னொரு படையெடுப்பு.

ஒரு வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். புல்லை இழந்த காட்டிலே அது எதைத் தின்னும்? விடுதலைக்குப் பின்னும் இந்தப் போக்கு உடனே மாறிவிடவில்லை. அண்மை ஆண்டுகளிலேதான், அயல் செடிகளை அகற்றித் தாய்க்காட்டை மீட்பதற்கென்று தமிழ்நாடு ஒரு கொள்கை வகுத்து வேலை தொடங்கியிருக்கிறது. தொடங்கியதைப் பாராட்டுவோம். முடியும் வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.

புறநானூற்றிலே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு ஓர் அறிவுரை சொன்னார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலிற் புகுந்தால் அது உண்பதைவிடக் காலிலே அழிவது மிகுதி என்று உவமை காட்டி, வரி வாங்கும் நெறியை மன்னனுக்கு எடுத்துரைத்தார். அன்று யானை உவமை, அரசன் பொருள். இன்றோ உவமை உயிர் பெற்று நம் வயலிலே வந்து நிற்கிறது. வாய்க்குப் போவதைவிடக் காலுக்குப் போவதுதான் இன்றும் மிகுதி. புலவர் அன்று பேசியது அரசனிடம் என்பதை மறவாதீர். யானையிடம் யாரும் அறிவுரை கூற முடியாது. அறிவுரை கேட்கவேண்டியவர் எக்காலத்திலும் ஆள்வோர்தாம்.

அடுத்தபடியாக வழியைப் பற்றிப் பேசுவோம். யானை ஓரிடத்திலே தங்கி வாழும் விலங்கன்று. மழை கண்ட இடம் தேடிப் போகும், நீர் வற்றினால் இடம் பெயரும், பாட்டி நடந்த தடத்திலே பேத்தி நடக்கும். நீலகிரியின் அடியிலே, சீகூர்ப் பீடபூமியிலே, மேற்கு மலைக்கும் கிழக்கு மலைக்கும் பாலமாக அப்படியொரு தடம் உண்டு. அந்தத் தடத்திலே வேலி எழுந்தது, விடுதி எழுந்தது, விளக்கு எழுந்தது.

2010ஆம் ஆண்டு தமிழக அரசு அதை யானை வழித்தடம் என்று அறிவித்தது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பு சரியே என்றது. வழக்கு டில்லிக்குப் போயிற்று. 2018இல் உச்சநீதிமன்றம் விடுதிகளை மூடி முத்திரை வைக்க ஆணையிட்டது. 2020 அக்டோபரிலே, வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பளித்து, இடர்ப்பட்டோர் முறையீட்டைக் கேட்க ஒரு குழுவையும் அமைத்தது. அறிவிப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே 10 ஆண்டுகள்! தீர்ப்பு வந்த மூன்றாம் மாதம், 2021 சனவரியில், மசினகுடியருகே விடுதியொன்றின் பக்கம் வந்த யானையின் மீது எரியும் டயர் வீசப்பட்டது. காதோடு தீ ஒட்டிக்கொள்ள அது இருளிலே ஓடிய காட்சியை நாடு முழுதும் கண்டது. யானை மாண்டது.

நெருப்பை எறிந்த கை குற்றவாளியின் கை. அதிலே ஐயமில்லை. ஆனால், வழித்தடத்திலே கட்டடம் எழும்போது அனுமதி ஏட்டில் கையெழுத்திட்ட கை எது? அனுமதியின்றி எழுந்தபோது கண்ணை மூடிக்கொண்ட கண் எது? முதற் செங்கல்லை வைக்கும்போதே தடுத்திருந்தால், எந்தக் குழுவும் வேண்டியிருந்திராது, எந்த முத்திரையும் வேண்டியிருந்திராது.

குப்பைக்கு வருகிறேன். 'இவ்வளவு பெரிய பேச்சிலே குப்பையா?' என்று முகஞ்சுளிக்க வேண்டா. கோவையை அடுத்த மருதமலை அடிவாரத்திலே, 2025 மே மாதத்தில், ஒரு பெண் யானை நோயுற்று வீழ்ந்தது. மருத்துவர் முயன்றனர், பயனில்லை. உடலைக் கூறாய்வு செய்தபோது இரண்டைக் கண்டார்கள். வயிற்றிலே பிறவாத கன்று. குடலிலே பிளாஸ்டிக்.

தோழரே, அந்தப் பிளாஸ்டிக்கைக் காடு விளைவிக்கவில்லை. நீங்களும் நானும் கடையிலே வாங்கி, வீட்டிலே பிரித்து, தெருவிலே எறிந்தது. வண்டி அள்ளிக்கொண்டு போய் மலையடிவாரத்திலே கொட்டியது. உப்பும் உணவின் மணமும் ஒட்டிய உறையை யானை உறையென்றறியுமா? 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தரம் பிரித்து முறையாக அகற்றும் பொறுப்பை உள்ளாட்சியின் தோளிலே வைத்தன. பொறுப்பை வைத்த சட்டம் இடத்தை வைத்ததா? பணத்தை வைத்ததா? ஆளை வைத்ததா? சிற்றூராட்சியின் தலைவர் ஒருவர், பெருகிவரும் புறநகரின் குப்பையை எங்கே கொட்டுவார்? மலையடிவாரம்தான் கேள்வி கேட்பாரற்ற இடமென்று எண்ணி அங்கே கொட்டினார்கள். ஒருநாள் கேள்வி வந்தது, யானையின் வடிவிலே.

உழவர்களிடமும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கைதட்டல் வராது என்று தெரிந்தே சொல்கிறேன். 2023 மார்ச்சிலே, தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியருகே, வயலைச் சுற்றிக் கள்ளத்தனமாகப் பாய்ச்சிய மின்சாரத்தில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் செத்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. வயலைக் காக்க உழவனுக்கு உரிமை உண்டு. சாவைக் கம்பியிலே கட்டி வைக்க உரிமை இல்லை. அந்தக் கம்பி யானையை மட்டுமா கொல்லும்? விடியலில் வரப்பிலே வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கொல்லும். அதே ஆண்டிலே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த விதிகள் கொணர்ந்தது. கொல்லாத வேலிக்கு வழி இருக்கிறது. ஆனால் அந்த வேலியின் விலை சிறு உழவனுக்கு எட்டுமா? எட்டாத நல்வழியைக் காட்டிவிட்டு எட்டும் தீவழியைத் தடுப்பது பாதி ஆட்சிதான். மானியம் கொடுத்து எட்டச் செய்வதே முழு ஆட்சி.

'இதெல்லாம் இயலாத காரியம். காடும் ஊரும் இருக்கும் வரை மோதல் இருக்கும்' என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களை இரண்டு ஊர்களுக்கு அழைத்துப் போகிறேன்.

முதலாவது வால்பாறை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாய்க் காடு. யானை குறுக்கே நடந்தே தீரும். அங்கே ஆய்வாளர்கள் கண்டது என்ன? பெரும்பாலான சாவுகள், யானை அங்கே நிற்கிறதென்று தெரியாமல் அந்திப்பொழுதிலே மனிதன் எதிரே போய் நின்றதால் நேர்ந்தன. ஆகவே அவர்கள் யானையை விரட்டவில்லை, செய்தியை விரட்டினார்கள். 2011 முதல் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி, ஊர்த் தொலைக்காட்சியிலே அறிவிப்பு, மேட்டிலே சிவப்பு விளக்கு. விளக்கு மின்னினால் அந்தப் பக்கம் போகாதே என்று தோட்டத் தொழிலாளிக்குப் பொருள். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்றும் வனத்துறையும் தொழிலாளரும் கைகோத்தனர், சாவு குறைந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, தோட்டம் மூடப்படவில்லை.

இரண்டாவது மதுக்கரை. 2021 நவம்பர் 26ஆம் நாள் இரவிலே, நவக்கரையருகே தண்டவாளத்தைக் கடந்த மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்டன. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய அந்தப் பாதை பல யானைகளின் உயிரைக் குடித்த பாதை. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை அங்கே, ஏறத்தாழ 7 கோடி ரூபாய்ச் செலவில், கோபுரங்கள் நிறுவி, இருளிலும் காணும் கருவிகளைப் பொருத்திற்று. யானை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு கண்டுகொள்ளும். கட்டுப்பாட்டறைக்குச் செய்தி போகும். ரயில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். வனத்துறையும் ரயில்வேயும் ஒரே அறையிலே ஒரே திரையைப் பார்த்தன. சற்றுமுன் என் காட்சியிலே 'டில்லிக்கு எழுது' என்றாரே அதிகாரி, அவருக்கு மதுக்கரை சொன்ன விடை இது. சேர்ந்து உட்கார மேசை ஒன்று கிடைத்தால், பொறுப்பு சேர்ந்துகொள்கிறது.

அடுத்தது காட்டுப்பன்றி. நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிட்டவர்களைக் கேளுங்கள். விதைத்த அன்றே கிளறுகிறது, விளைந்த அன்றே தின்கிறது. சுடுவதா கூடாதா? சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி, ஒரு விலங்கைக் குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும் 'தீங்குயிர்' என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது. பீகாருக்கு நீலமானும் காட்டுப்பன்றியும், உத்தரகண்டிற்குக் காட்டுப்பன்றி, சிம்லாவுக்குக் குரங்கு என்று அப்படி அறிவித்தார்கள். 2016 ஜூன் மாதம் பீகாரின் மொகாமாவிலே, வரவழைக்கப்பட்ட வேட்டைக்காரர்கள் சில நாளில் 200க்கும் மேற்பட்ட நீலமான்களைச் சுட்டு வீழ்த்தினர். டில்லி அமைச்சர்கள் இருவரே எதிரெதிர் நின்று அதைப்பற்றிச் சொற்போர் நடத்தினர்.

கேரளம் பலமுறை காட்டுப்பன்றிக்காகக் கேட்டது; டில்லி மறுத்தது. 2022இல் கேரளம் வேறு வழி கண்டது. சட்டத்தின் 11ஆம் பிரிவில் உள்ள அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்குப் பகிர்ந்தளித்தது. நஞ்சும் வெடியும் மின்சாரமும் கூடாதென்று நிபந்தனையும் வைத்தது. 2025 சனவரியில் தமிழ்நாடு இன்னொரு வழி கண்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டிலே விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பாலே, ஊர்க்குழு ஆய்ந்த பின், வனத்துறையினரே சுடலாம்.

எந்த வழி சிறந்தது என்பதைப் பட்டறிவு காட்டும். நான் சுட்டுவது ஒன்றை. வயல் நம் ஊரிலே. பன்றி நம் ஊரிலே. பட்டினி நம் ஊரிலே. முடிவு மட்டும் 2000 கிலோமீட்டருக்கு அப்பால்! இது எப்படி வந்தது? காடும் வனவிலங்கும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலிலே இருந்தவை. 1976ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்திலே, 42ஆம் திருத்தம் அவற்றைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றிற்று. வேட்டையும் காடழிப்பும் எங்கும் தலைவிரித்தாடிய நேரத்திலே, நாடு முழுமைக்கும் ஒரு காப்பு வேண்டும் என்ற வாதத்திலே உண்மை இல்லாமலில்லை. இனம் அழியாமல் காக்கும் பொதுநெறியை நடுவண் அரசு வகுக்கட்டும். ஆனால் எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த வயலை எப்படிக் காப்பது என்பதை அந்த ஊரை அறிந்த ஆட்சியிடம் விடுவதே அறிவுடைமை.

அதே மூச்சிலே சொல்கிறேன், துப்பாக்கி ஓர் ஆட்சிமுறையன்று. குப்பை மேட்டை வைத்துக்கொண்டு பன்றியைச் சுடுவது, ஓட்டைக் கூரையை வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது போன்றது.

'காட்டருகே போய்க் குடியேறியவன் அனுபவிக்கட்டும்' என்று நகரத்திலே இருந்துகொண்டு சிலர் எழுதுகிறார்கள். வழித்தடத்தை வளைத்து விடுதி கட்டியவனைப் பற்றி அவ்வாறு எழுதட்டும், நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் தேயிலை பறிக்கும் பெண் அங்கே குடியேறியது ஆசையாலா? பழங்குடி அங்கே குடியேறியவனா? இந்த நாட்டிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ 500 மனிதர்கள் யானையால் உயிரிழக்கிறார்கள். ஏறத்தாழ 100 யானைகள் மனிதனால் உயிரிழக்கின்றன. அந்த மனிதர்களிலே மாளிகைவாசி எத்தனை பேர்? யானை வாழ்வதால் காடு வாழ்கிறது. காடு வாழ்வதால் நகரத்துக் குழாயிலே நீர் வருகிறது. பயன் ஊருக்கெல்லாம், இழப்பு மட்டும் காட்டோரத்து ஏழைக்கா? ஊர் முழுதும் நுகரும் நன்மைக்கு ஒருவன் மட்டும் விலை கொடுத்தால், அவனுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனைத் தீர்ப்பதன் பெயர்தான் இழப்பீடு. அதைப் பிச்சைபோல் கேட்க வைக்காதீர்.

ஆகவே தோழரே, நாம் கேட்பவை நான்கு. காட்டோரத்திலே உள்ள குப்பைக் கிடங்குகளை அகற்ற நாள் குறியுங்கள். அதற்கான பணத்தை உள்ளாட்சிக்குக் கொடுங்கள். வழித்தடத்திலே முதற் செங்கல் விழும்போதே தடுங்கள். மதுக்கரையிலும் வால்பாறையிலும் பயன் தந்த எச்சரிக்கை முறையை யானை நடமாடும் ஊர்தோறும் கொண்டுவாருங்கள். பயிரை இழந்தவனுக்கு ஒரே இடத்தில் ஒரே மனு, ஒரே மதிப்பீடு, கெடு கடந்தால் வட்டி என்று விதி செய்யுங்கள்.

கேட்பதற்கு இடம் இல்லையென்று சொல்லாதீர். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிலே உங்கள் ஊரிலே கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். மூன்றே கேள்விகளை எழுப்புங்கள். நம் ஊர்க் குப்பை எங்கே போகிறது? இழப்பீட்டு மனுக்கள் எத்தனை நிலுவையில் உள்ளன? இன்றிரவு யானை வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, அழைத்தால் எடுப்பவர் யார்? விடையைத் தீர்மான ஏட்டிலே எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விடை வராவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு இன்னும் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு போங்கள்.

யானைக்கு வாக்குச் சீட்டு இல்லை. உங்களுக்கு இருக்கிறது.